கட்டிலிலிருந்து கழிவறை வரை

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை இனி நம்மோடு வைத்துக்கொள்வது என்று முடிவாகிறது. அவர் இருந்தது திருவாரூர்ப் பக்கத்து ஓட்டு வீடு. உயரமான திண்ணைப்படி, தலை குனிந்து நுழைய வேண்டிய நிலைவாசல், மழைக்காலத்தில் பாசி பிடிக்கும் முற்றம், கொல்லைக் கோடியில் கழிவறை, வழிக்கு ஒரு மங்கலான பல்பு. குறை எழுத உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக எழுதலாம். அந்த வீட்டில் கீழே விழாமல் காலத்தை ஓட்டியவர் இப்போது மேடு பள்ளமில்லாத, லிஃப்ட் வைத்த, டைல்ஸ் பளபளக்கும் சென்னை ஃபிளாட்டுக்கு வருகிறார். பிள்ளைகளுக்கு நிம்மதி. கொஞ்சம் அவசரமான நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.

பழகிய வீட்டில் நடக்கும்போது நமக்குக் கண்ணே பாதிதான் தேவைப்படுகிறது. இடங்களை மூளை இரண்டு விதமாக நினைவில் வைக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இடத்தின் வரைபடத்தை உருவாக்கிக்கொள்கிறது; புது இடத்தில் வழி பிடிபடுவது அதன் தயவால்தான். மூளையின் ஆழத்தில் இருக்கும் வேறு சில நரம்பு முடிச்சுகளோ, ‘எழுந்ததும் இடப்பக்கம், நாலடி, அப்புறம் ஒரு படி’ என்று அசைவுகளின் வரிசையையே பழக்கமாகப் பதித்துவைக்கின்றன. வயது கூடக்கூட வரைபடம் போடும் திறமை தளர்கிறது. பழக்கம் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. பழைய வீட்டில் அம்மாவை இருட்டிலும் நடத்திச் சென்றது அந்தப் பழக்கம்தான். வீடு மாறியதும் அது பயன்படாமல் போவதோடு நிற்பதில்லை, தவறான வழியும் காட்டுகிறது. நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எழுபவர் முன்பு கதவு இருந்த பக்கம் திரும்புகிறார். இங்கே அந்தப் பக்கம் பீரோ.

அதனால் முதல் வேலையாக நான் சொல்வது காசில்லாத ஒன்று. ஊரில் அம்மா கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவார், இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்புவார் என்று கேளுங்கள். புது வீட்டிலும் முடிந்தவரை அதே பக்கம் இறங்கி அதே பக்கம் திரும்பும்படி கட்டிலைப் போடுங்கள். வந்த முதல் சில நாட்கள், பகலிலும் விளக்கு ஏற்றிய பிறகும், கட்டிலிலிருந்து கழிவறைக்கு அவரோடு கூடவே நடந்து பாருங்கள். கால்களுக்கு ஒரு புது வழி பாடமாக வேண்டும். அதைத் திரும்பத் திரும்ப நடந்துதான் படிக்க முடியும்.

விழுதல் சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. 65 வயதைத் தாண்டியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2021இல் 13.6 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி. ஆக இது எங்கோ நடப்பதில்லை, அடுத்த வீட்டிலும் நம் வீட்டிலும் நடப்பது.

சரி, ஏன் விழுகிறார்கள்? விழுந்தவரைக் கேட்டால் ‘வழுக்கிவிட்டது’, ‘கால் தடுக்கிவிட்டது’ என்பார். அது உண்மையா என்று பார்க்க கனடாவில் ஸ்டீபன் ராபினோவிச் குழுவினர் இரண்டு முதியோர் இல்லங்களின் பொது அறைகளிலும் நடைபாதைகளிலும் கேமரா வைத்தார்கள். 130 பேர் விழுந்த 227 சம்பவங்கள் பதிவாயின. 2013இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு பலரையும் திகைக்க வைத்தது. தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம். முதலிடம் பிடித்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று: 41 சதவீதச் சம்பவங்களில், உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கோ, உட்கார்ந்த நிலையிலிருந்து நின்ற நிலைக்கோ மாற்றும்போது கணக்குத் தவறியிருந்தது. திரும்பும்போது, உட்காரப் போகும்போது, ஏன், சும்மா நின்றுகொண்டிருக்கும்போதுகூட விழுந்திருக்கிறார்கள்.

அந்தக் கேமராக்கள் குளியலறைக்குள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தரை முழுக்க நனையும் நம் ஊர்க் குளியலறையில் வழுக்கலின் பங்கு அந்த 3 சதவீதத்தோடு நிற்காது. ஆனாலும் அந்த ஆய்வு நம் பார்வையைத் திருப்புகிறது. வீட்டைப் பாதுகாப்பாக்குவது என்றதும் தரையில் கிடக்கும் பொருள்களைத்தான் தேடுகிறோம். தேட வேண்டியது அம்மாவின் உடல் நிலை மாறும் இடங்களை: படுத்தவர் உட்காரும் இடம், உட்கார்ந்தவர் எழும் இடம், நடந்தவர் திரும்பும் இடம். இவை எல்லாம் ஒரே பயணத்தில் அடுத்தடுத்து வருவது ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகும்போதுதான். அந்த வழியிலேயே போவோம்.

கண் விழிக்கிறார், எழுந்து நிற்கிறார். நின்ற உடனே அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் புவியீர்ப்பால் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. இளமையில் இது தெரிவதே இல்லை. கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள் உடனே மூளைக்குத் தகவல் அனுப்ப, இதயம் வேகம் பிடித்து, ரத்தக் குழாய்கள் சுருங்கி, சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடும். முதுமையில் அந்த உணரிகள் மந்தமாகின்றன, குழாய்கள் விறைக்கின்றன. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் குறைய, கண் இருட்டுகிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால் மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கணக்கில் எடுக்கிறார்கள். வீட்டில் பிபி மெஷின் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறை. அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். உட்காரவைத்தே பிபி பார்க்கும் மருத்துவமனையில் இந்த இறக்கம் அகப்படாமலே போகலாம்.

எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை ஆட்டிவிட்டு நிற்பது நல்லது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் கால் சிரைகளிலிருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது.

அதோடு மாத்திரைப் பையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, அப்பாவாக இருந்தால் புராஸ்டேட்டுக்கான மாத்திரை, இவை எல்லாமே எழும்போது அழுத்தத்தை இறக்கக்கூடியவை. தூக்க மாத்திரையும் மனப்பதற்றத்துக்கான மாத்திரைகளும் சமநிலையைக் குலைக்கின்றன. நியூசிலாந்தில் ஜான் கேம்ப்பெல் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தியவர்களிடம் விழுதல் 66 சதவீதம் குறைந்திருந்தது. எந்தக் கைப்பிடியும் எந்த டைல்ஸும் இந்த அளவுக்குப் பலன் தந்ததாக நான் படித்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆய்வு முடிந்ததும் பலர் மறுபடி அதே மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள். தூக்கம் அவ்வளவு பெரிய ஆசை. நாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வேறு சிக்கல் வரும். நாலு மருத்துவர்கள் நாலு சமயத்தில் எழுதிக் கொடுத்ததை ஒருவரே மொத்தமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் முதியோருக்கென்று தனிப் பிரிவு முதன்முதலில் தொடங்கியது சென்னை அரசு பொது மருத்துவமனையில், 1978இல், டாக்டர் வி.எஸ். நடராஜனின் முயற்சியால். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டிருக்கிறது. அம்மா சென்னைக்கு வந்ததும் முதல் மாதத்திலேயே மாத்திரைப் பையோடு இப்படி ஓரிடத்துக்கு அழைத்துப்போவது வீட்டு வேலைகளில் ஒன்றாகவே இருக்கட்டும்.

கட்டிலின் உயரமும் ஒரு மருந்து மாதிரிதான். உட்கார்ந்த நிலையிலிருந்து எழ முழங்காலுக்கு எவ்வளவு விசை தேவைப்படும் என்பதை இருக்கையின் உயரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இருக்கையை உயர்த்தினால் முழங்காலின் சுமை 60 சதவீதம் வரைக்கும், கைப்பிடியை ஊன்றி எழுந்தால் இடுப்பு மூட்டின் சுமை ஏறக்குறைய பாதியும் குறைவதாக அளந்திருக்கிறார்கள். ஓரத்தில் உட்காரும்போது பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரத்தில் இருக்க வேண்டும். இதுதான் அளவு. மெத்தை அமுங்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வரவேற்பறையில் கிடக்கும் தாழ்ந்த, அமுங்கும் சோபா இந்த அளவுக்கு நேர் எதிர். அம்மாவுக்குக் கைவைத்த மர நாற்காலி போதும், அது ஊரிலிருந்தே வந்தாலும் சரி.

இங்கே ஒரு கேள்வி எழும். அம்மா இத்தனை காலம் பாய் விரித்துத் தரையில்தான் படுத்தார் என்றால்? உதவியில்லாமல் தானே எழுந்துகொள்கிறார் என்றால் அதைப் பிடுங்க வேண்டாம் என்பது என் கட்சி. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்காரவும் எழவும் சொல்லிப் பார்த்து, பிறகு சில ஆண்டுகள் கவனித்தார்கள். கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி என்று அதிக ஆதரவு தேவைப்பட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. தசை, மூட்டு, சமநிலை மூன்றும் நன்றாக இருப்பவரால்தான் அப்படி எழ முடிகிறது என்றுதான் அர்த்தம். அந்தத் திறமை இன்னும் இருப்பவருக்குப் பகலில் தரையில் உட்கார்ந்து கீரை ஆயும் வாய்ப்பை விட்டுவைக்கலாம். இரவில் மட்டும் கட்டில்.

நின்றாயிற்று. இனி வெளிச்சம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது. இருட்டுக்குப் பழகவும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பல்பு மாட்டும் மகனின் கண்ணுக்குப் ‘போதும்’ என்று படுவது அம்மாவுக்குப் போதாது. அதற்காகக் கண் கூசும் வெள்ளை டியூப்லைட்டைத் தலைக்கு மேல் மாட்டினால், மங்கிய விழிவில்லையில் ஒளி சிதறி இன்னும் மோசமாகும். வழியில் முழங்காலுக்குக் கீழே, தரையை நோக்கி, மஞ்சள் ஒளி தரும் சின்ன விளக்குகள் இரண்டு மூன்று வேண்டும். ஆள் அசைந்தால் தானே எரிபவை என்றால் சுவிட்சைத் தடவ வேண்டிய வேலையும் இல்லை. மின்வெட்டு நேரத்துக்கு, பேட்டரி உள்ள பல்பு ஒன்றாவது அந்த வழியில் இருக்கட்டும்.

கண்ணாடியிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மேலே தூரப்பார்வை, கீழே படிக்கும் பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடியின் கீழ்ப்பாதி, புத்தகத்தைப் பிடிக்கும் தூரத்துக்கு வார்த்தது. நடக்கும்போது தரையைப் பார்த்தால் அந்தப் பாதி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தரையோ ஒன்றரை மீட்டருக்கு அப்பால். படியின் விளிம்பு கலங்கித் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் லார்ட் குழு 2002இல் காட்டியது இதைத்தான்: இத்தகைய கண்ணாடி போட்டவர்கள், குறிப்பாகப் படிகளில், அதிகம் விழுகிறார்கள். நடமாட்டத்துக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்வது செலவுதான், ஆனால் வீண் செலவில்லை. கண்புரை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், முதல் கண்ணுக்கு அறுவைச் சிகிச்சையை விரைவில் செய்துகொண்டவர்களிடம் விழுதல் 34 சதவீதம் குறைந்தது.

நடைபாதையில் கிடக்கும் பெரிய எதிரி, பழைய புடவையில் பின்னிய கால்மிதி. வழவழ டைல்ஸ்மேல் அது கிடக்கும் விதத்தைக் காலால் தள்ளிப் பார்த்தாலே தெரியும். அடியில் ரப்பர் ஒட்டியதாக மாற்றுங்கள், அல்லது எடுத்தே விடுங்கள். மொபைல் சார்ஜர் வயர், டீப்பாய், பேரனின் கார் பொம்மை பற்றியெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறொன்று. 1997இல் ஸ்வீடனில் லில்லெமோர் லண்டின்-ஓல்சன் என்பவர், முதியோர் இல்லத்தில் இருந்தவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். 58 பேரில் 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்திருந்தார்கள். இளமையில் நடப்பதற்கு மூளையின் கவனம் அதிகம் வேண்டாம். முதுமையில், அதிலும் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்கு, ஒவ்வொரு அடியும் கவனத்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. கவனத்தை வேறெங்காவது இழுத்தால் கால் தவறும். எனவே அம்மா நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். ஹாலில் போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டாம் என்று சொல்லி, போனை அவர் இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிவிடுங்கள்.

குளியலறை வந்துவிட்டது. வாசலில் ஓரிரு அங்குலம் பள்ளம், தண்ணீர் வெளியே வராமலிருக்க. வாசற்படியும் தரையும் ஒரே நிறமென்றால் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் பளிச்சென்று வேறு நிறத்தில் ஒரு பட்டை ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. வெள்ளைத் தரையில் வெள்ளைக் கம்மோடும் இதே ரகம். ஒரே நிறத்துக்குள் விளிம்பைப் பிரித்தறியும் திறன் வயதோடு குறைவதால், கம்மோடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அடர்நிற மூடியும் இருக்கையும் வாங்கிப் பொருத்துங்கள். நேர்மாறான தவறும் உண்டு. வெளிர்நிறத் தரைக்கு நடுவே அழகுக்காகக் கறுப்புக் கிரானைட் பட்டை பதிப்பார்கள். மங்கிய கண்ணுக்கு அது குழியாகத் தெரியும். தாண்டப் போய் விழுவார்கள்.

டைல்ஸ் கடைக்காரர் ‘ஆன்டி ஸ்கிட்’ என்பார். பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்ற குறியைப் பாருங்கள். எண் கூடினால் பிடிப்பு கூடும். ஜெர்மன் தர அளவான அதை, எண்ணெய் பூசிய சரிவுப் பலகையில் பூட்ஸ் போட்ட ஒருவரை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் ஏ, பி, சி என்று தனிச் சோதனை இருக்கிறது. குளியலறைக்குப் பொருத்தமானது அதுதான். 18 பாகைச் சாய்வில் வழுக்காதது பி, 24 பாகையில் வழுக்காதது சி. பளபள டைல்ஸில் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நிற்கிறது. பாதம் தரையைத் தொடுவதே இல்லை, படலத்தின்மேல் மிதக்கிறது. சொரசொரப்பான பரப்பின் மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடுகின்றன. சின்னச் சின்ன டைல்ஸ் பதித்தால் இடையிலுள்ள சிமென்ட் கோடுகளும் பிடிப்புத் தரும். எல்லாவற்றையும் பெயர்த்து மாற்ற முடியாதவர்கள், குளிக்கும் இடத்தில் துளையுள்ள ரப்பர் விரிப்பைப் போட்டு, வாரம் ஒருமுறை தூக்கி அடியில் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அம்மாவை உட்காரவைத்தே குளிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி, அதன் கால்களுக்கு ரப்பர் உறை, கைக்கு எட்டும் உயரத்தில் ஹேண்ட் ஷவர். குனிந்து வாளியிலிருந்து மொண்டு நிமிரும் ஒவ்வொரு முறையும் உடலின் எடை முன்னும் பின்னும் போய் வருகிறது. கனடாக் கேமராக்கள் காட்டிய ஆபத்து அதுவேதான்.

கைப்பிடிக் கம்பி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தடுமாறும் கை அருகில் எது இருக்கிறதோ அதைப் பிடிக்கும். பெரும்பாலும் அது துண்டு போடும் கம்பி. இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும் அது ஈரத் துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. உறிஞ்சு கோப்பையால் சுவரில் ஒட்டுபவையும் எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி; விழப்போகும் உடல் இழுக்கும் இழுவைக்கு அது அதிகமில்லை. கம்பியின் தடிமன் விரல்கள் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு, மூன்றிலிருந்து நாலு செ.மீ. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே நாலு செ.மீ.க்குள் இடைவெளி, அதற்கு மேல் போனால் முழங்கை உள்ளே சிக்கும். உயரம் தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. என்று அதே விதி சொல்கிறது. அந்த எண் அவர்கள் ஊர் உடம்புக்கு. ஐந்தடிக்கும் குறைவான நம் அம்மாவைக் கம்மோடில் உட்காரவைத்து, எழச் சொல்லி, கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு அதன் பிறகே துளை போடச் சொல்லுங்கள். இப்போதைய அடுக்குமாடிகளில் சுவர் பல இடங்களில் செங்கல் இல்லை, காற்றுக்குமிழி நிறைந்த லேசான பிளாக். சாதாரணப் பிளாஸ்டிக் ப்ளக் அதில் நிற்காது. பசை ஊற்றி இறுக்கும் ஆங்கரோ சுவரைத் துளைத்து மறுபக்கம் போகும் போல்ட்டோ வேண்டும். வேலை முடிந்ததும் வீட்டிலேயே கனமான ஆள் ஒருவர் தொங்கிப் பார்த்துவிடுங்கள்.

கம்மோடு தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர இருக்கை மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. அப்பாவாக இருந்தால் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கப் பழகிக்கொள்வது நல்லது. நிரம்பிய பை திடீரெனக் காலியாகும்போது ரத்த அழுத்தம் இறங்கி, நின்றபடியே மயங்கி விழுந்த ஆண்கள் உண்டு.

இவ்வளவும் செய்துவிட்டு மறந்துவிடுவது கதவை. உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்தால் அவர் உடலே கதவை அடைத்துக்கொள்கிறது. உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருந்தால் கதவை உடைப்பதற்குள் நேரம் போய்விடும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்துங்கள். ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்பது உண்மை. உள்ளே ஆள் இருப்பதைக் காட்டச் சின்னப் பலகை ஒன்றை வெளியே தொங்கவிட்டால் போயிற்று.

கீசரின் சூட்டையும் குறையுங்கள். 60 பாகைத் தண்ணீர் ஐந்தே நொடியில் தோலைச் சுட்டுப் பொசுக்கும். 49 பாகைக்கு அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். முதியவரின் தோல் மெல்லியது, அவர் கை விலகுவதும் மெதுவாக.

சமையலறை பற்றி ஒன்று மட்டும். 65 முதல் 80 வயதுக்குள் பாதிப்பேருக்கு மேல் மோப்பம் குறைந்திருப்பதை 1984லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சமையல் வாயு கசிந்தால் தெரிய வேண்டுமென்றே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் அம்மாவை எட்டாமல் போகலாம். வாயு காட்டும் கருவி வாங்கினால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்டுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். மேலே மாட்டி என்ன பயன்?

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்டால், தரும், யாருக்கு என்பதைப் பொறுத்து. 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வீட்டு ஆபத்துகளைக் களைந்ததால் விழுதல் ஒட்டுமொத்தமாக 26 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே விழுந்தவர்கள், நடமாட்டத்துக்கு உதவி வேண்டியவர்கள் போன்றோரிடம் 38 சதவீதம். திடமாக நடமாடுபவர்களிடம் தெளிவான பலன் இல்லை. சிட்னியில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, நடந்து பார்த்து, மாற்றங்கள் சொன்னார். முன்பு விழுந்தவர்களிடம் விழுதல் வீட்டில் குறைந்தது, வீட்டுக்கு வெளியிலும் குறைந்தது! வெளியே அவர் எந்தக் கம்பியும் மாட்டவில்லை. கூடவே நடந்து பேசியதில் அந்த முதியவர்களின் நடையும் கவனமும் மாறியிருக்க வேண்டும். கம்பியை மட்டும் மாட்டிவிட்டு அலுவலகம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

இன்னொரு பக்கம், பாதுகாப்பு என்ற பெயரில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கையில் கொடுக்கும் வீடுகளும் உண்டு. மருமகள் தண்ணீர் கொண்டுவருவார், பேத்தி செருப்பு எடுத்துக் கொடுப்பாள். பாசத்தில் குறையில்லை. ஆனால் 2007இல் ஆரோக்கியமான 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. பத்தே நாள். உடற்பயிற்சியோ விழுதலைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது. சமநிலைக்கும் கால் வலுவுக்குமான பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை வைத்து நிற்பது. ஊரில் கொல்லைக்கும் கிணற்றடிக்கும் நடந்த நடை ஃபிளாட்டில் இல்லாமல் போவதை இப்படித்தான் ஈடுகட்ட வேண்டும்.

மாற்றங்களை ‘உனக்கு வயசாயிடுச்சும்மா’ என்று தொடங்கினால், நீங்கள் வாங்கிக் கொடுக்கும் கைத்தடி பீரோவுக்குப் பின்னால் போய்விடும். எங்கே தடுமாறுகிறது என்று அவரையே கேட்டு, அவர் சொன்ன இடத்திலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அத்தனையும் செய்தும் ஒருநாள் விழலாம். கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், விழுந்தவர்களில் பெரும்பாலானோரால் ஒரு தடவையாவது தானாக எழ முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களும் கணிசம். அபாய மணி வைத்திருந்தவர்களே அதை அழுத்தவில்லை. கழற்றிவைத்திருந்தார்கள், அல்லது யாரையும் தொந்தரவு செய்ய மனமில்லை. எனவே தரையில் கிடந்தபடி கைக்கு எட்டும் இடத்திலும் ஒரு மணி இருக்க வேண்டும், அதை அழுத்திப் பழகியும் இருக்க வேண்டும்.

விழுந்தவரை ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். முதலில் பேசுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். நிற்கவைத்துப் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். வலி இல்லை, காலை அசைக்கிறார் என்றால், ஒருக்களித்துப் படுத்து, முழங்காலிட்டு, முன்னால் போட்ட நாற்காலியின் இருக்கையில் கை ஊன்றி, பலமான காலை முன்வைத்து அவராகவே எழட்டும். பக்கத்தில் நின்றால் போதும். எழுந்து காபி குடித்துச் சிரித்துப் பேசினாலும், தலை அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். மண்டையோட்டுக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் தன்னைக் காட்டிக்கொள்ளச் சில நாட்கள்கூட ஆகலாம்.